பழைய ஆகாயம்

எந்த நூலுக்கும் இரண்டு வகையான முதுமை உண்டு. சொல்லப்பட்ட விஷயம் பழசாகிப் படிப்பவர்களுக்கு ருசிக்காமல் போவது ஒரு வகை. அது நியாயமான முதுமை. அதைத் தடுக்க விமரிசகனால் ஆகாது, தடுக்கவும் கூடாது. விஷயம் உயிரோடு இருக்கிறது, படிக்க ஆசைப்படுகிறவர்களும் இருக்கிறார்கள், ஆனால் நூலைத்தான் திறக்க முடியவில்லை என்பது இரண்டாவது வகை. ஏட்டுச் சுவடிக் காலத்தில் கரையானும் ஆடிப்பெருக்கும் இந்த வேலையைச் செய்தன. அச்சு வந்த பிறகு இந்தப் பயம் போய்விட்டதாக நாம் நினைத்துக்கொண்டிருந்தோம். போகவில்லை. முன்பு இருநூறு வருஷங்களில் நடந்தது இப்போது பதினைந்து வருஷங்களில் நடக்கிறது என்பதுதான் வித்தியாசம்.

இதை ஓர் உதாரணத்தை வைத்துக்கொண்டு சொல்லிப் பார்க்க விரும்புகிறேன். உதாரணம் நாவல் அல்ல, கவிதை அல்ல, ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம். 2003 ஜூலையில் மைக்ரோஸாப்ட் கம்பெனி வெளியிட்ட ‘பிளைட் சிமுலேட்டர் 2004’ என்பது அது. ரைட் சகோதரர்கள் 1903 டிசம்பரில் பறந்ததிலிருந்து நூறு வருஷம் முடிவதைக் கொண்டாட வந்ததால், ‘பறத்தலின் நூற்றாண்டு’ என்று அதற்கு உபதலைப்பு. இலக்கியத்தைப் பற்றி எழுதுகிறவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பவர்கள் இருப்பார்கள். மனித அனுபவம் ஒன்றை எடுத்து, வேறொரு சாதனத்தில் மறுபடியும் சிருஷ்டித்து, நம் கையில் கொடுக்கிற எதையும் விமரிசனம் செய்யலாம் என்பது என் கட்சி. அது நன்றாகச் செய்திருக்கிறதா, எந்த இடத்தில் பொய்யாகிறது என்று பார்ப்பதற்கு நாவல் படித்துப் பழகிய கண்ணே போதும்.

தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. சிமுலேட்டர் என்பது விளையாட்டு என்ற பெயரில் விற்கப்பட்டாலும் விளையாட்டு அல்ல. அதில் சுட வேண்டியவன் இல்லை, ஜெயிப்பதும் இல்லை. விமானியின் ஆசனத்தில் நம்மை உட்கார்த்தி வைத்து, எதிரே கருவிகளையும் கண்ணாடிக்கு வெளியே உலகத்தையும் காட்டுகிறது. மூக்கை அதிகமாகத் தூக்கினால் வேகம் குறைகிறது, வேகம் குறைந்தால் இறக்கை தாங்கும் சக்தியை இழக்கிறது, விமானம் விழுகிறது. இந்த நியதியைக் கற்றுக்கொள்ளப் பல நாட்கள் ஆகும். அந்த நாட்களில் நமக்குக் கிடைப்பது பொழுதுபோக்கு மாத்திரம் அல்ல.

இந்தப் பாவனைக்கு ஒரு வம்சாவளியும் உண்டு. 1929 இல் எட்வின் லிங்க் என்ற அமெரிக்கர், தம் தகப்பனாருடைய பியானோ, ஆர்கன் தொழிற்சாலையில் பழகிய துருத்திகளை வைத்து, தரையை விட்டுப் போகாமலே சாய்ந்தும் சரிந்தும் ஆடுகிற ஒரு சின்ன விமானத்தைச் செய்தார். அதை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. 1934 இல் தபால் மூட்டைகளைச் சுமந்து மேகத்துக்குள் பறந்த ராணுவ விமானிகள் பலர் இறந்த பிறகுதான் அமெரிக்க ராணுவம் அவரிடம் ஆறு பெட்டிகள் வாங்கிற்று. சங்கீதத்துக்கு உண்டான துருத்தி விமானிகளின் உயிரைக் காப்பாற்றப் போயிற்று. அந்தப் பெட்டியின் பேரப்பிள்ளைதான் கம்ப்யூட்டர் சிமுலேட்டர். புரூஸ் ஆர்ட்விக் என்பவர் ஆப்பிள் கம்ப்யூட்டருக்காக முதலில் எழுதியது, 1982 இல் மைக்ரோஸாப்ட் பெயரோடு ஐ.பி.எம். கம்ப்யூட்டருக்கு வந்தது.

அந்த 1982 ஆம் வருஷத்துப் பதிப்பைப் பற்றிய ஒரு செய்தி, இந்தக் கட்டுரைக்கு மிகவும் வேண்டியது. அக்காலத்தில் ஐ.பி.எம். இயந்திரத்தைப் பார்த்து வேறு பல கம்பெனிகள் கம்ப்யூட்டர் செய்ய ஆரம்பித்தன. எல்லாரும் ‘எங்களுடையதும் ஐ.பி.எம். மாதிரியேதான்’ என்று சொன்னார்கள். எது உண்மை என்று கண்டுபிடிக்க இரண்டு புரோகிராம்களை ஓட்டிப் பார்ப்பது வழக்கமாயிற்று. ஒன்று லோட்டஸ் 1-2-3 என்ற கணக்குப் புரோகிராம். மற்றது பிளைட் சிமுலேட்டர். இயந்திரத்தின் நரம்பு வரைக்கும் போய் வேலை வாங்குகிற புரோகிராம்கள் இவை. ஆகவே இவை ஓடினால் இயந்திரம் அசல், இல்லாவிட்டால் போலி. கம்ப்யூட்டர் அசலா என்று உரைத்துப் பார்க்கிற கல்லாகப் பிறந்தது இந்தப் புரோகிராம். அதன் பிந்திய பதிப்பு இன்று அசலான கம்ப்யூட்டரின் வாசலில் நின்றுகொண்டு, உள்ளே விடமாட்டார்களா என்று காத்திருக்கிறது.

வாசலைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் நூலைப் பார்ப்போம்.

செஞ்சியை அடுத்த வல்லத்தில் என் தங்கை வீடு இருக்கிறது. அவள் மகன் பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் தூக்கிப் போடாமல் துணி போட்டு மூடி வைத்திருக்கிறான். அதில் இருப்பது விண்டோஸ் எக்ஸ்பி. இந்த ஒரு புரோகிராமுக்காகத்தான் அந்தப் பெட்டியே. நான் போயிருந்தபோது இரண்டு நாட்கள் மாலையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து பறக்கப் பழகினேன்.

இந்தப் பதிப்பின் சிறப்பு, ஆகாயத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு என்பதை அது உணர்ந்திருப்பதுதான். ரைட் சகோதரர்களின் முதல் விமானம் அதில் இருக்கிறது. லிண்ட்பெர்க் அட்லாண்டிக்கைக் கடந்த விமானம் இருக்கிறது. விக்கர்ஸ் விமி இருக்கிறது, போர்டு கம்பெனியின் மூன்று எஞ்சின் விமானம் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, நம் நாட்டில் ஒரு தலைமுறையே ‘டகோட்டா’ என்று பெயர் சொல்லிப் பழகிய டிஸி-3 இருக்கிறது. ஒவ்வொன்றும் வெவ்வேறு விதமாகப் பறக்கிறது. லிண்ட்பெர்க்கின் விமானத்தில் எதிரே பார்க்கக் கண்ணாடியே கிடையாது. பெட்ரோல் தொட்டி முன்னால் அடைத்துக்கொண்டிருக்கிறது. தலையைப் பக்கவாட்டில் திருப்பித்தான் உலகத்தைப் பார்க்க வேண்டும். ஒரு மனிதர் முப்பத்து மூன்று மணி நேரம் இப்படி உட்கார்ந்திருந்தார் என்பதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்வது ஒன்று. பத்து நிமிஷம் நாமே உட்கார்ந்து, தரை எங்கே என்று தெரியாமல் தவிப்பது வேறு. நல்ல நாவல் செய்கிற காரியம் இதுவே.

நான் அந்த டகோட்டாவை ஒரு குறிப்பிட்ட காரியத்துக்குப் பயன்படுத்தினேன். 1949 ஜனவரியில் நம் நாட்டில் இரவுத் தபால் விமானம் தொடங்கிற்று. டில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களிலிருந்தும் இரவில் புறப்பட்ட விமானங்கள் நள்ளிரவில் நாகபுரியில் கூடும். மூட்டைகளை மாற்றிக்கொண்டு விடிவதற்குள் அவரவர் ஊருக்குத் திரும்பும். சென்னையில் எழுதிய கடிதம் மறுநாள் காலை டில்லியில் கிடைக்கும். இதைப் பற்றி நம் மொழியில் ஒரு கதை கூட நான் படித்ததில்லை. மீனம்பாக்கத்தில் இருட்டின பிறகு கிளம்பி வடக்கே பறந்தேன். கீழே ஊர்களின் விளக்கு குறைந்து, பிறகு ஒன்றுமே இல்லாமல் போகிறது. எதிரே மங்கலாகப் பச்சை வெளிச்சத்தில் கடிகாரங்கள். இரண்டு எஞ்சின்களின் ஓயாத சத்தம். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஒன்றும் நடக்காது. ஒன்றும் நடக்காத அந்த நேரத்தை இந்த நூல் குறைக்கவில்லை, அலங்கரிக்கவும் இல்லை. அதற்கு அந்தத் துணிச்சல் இருக்கிறது. நம் தொடர்கதைக்காரர்கள் பலருக்கு அந்தத் துணிச்சல் இல்லை என்பதை இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும்.

குறைகளும் உண்டு. அமெரிக்க நகரங்களுக்கு எடுத்துக்கொண்ட சிரத்தையில் பத்தில் ஒரு பங்கு கூட நம் பக்கத்துக்கு எடுத்துக்கொள்ளவில்லை. தமிழ்நாடு முழுவதும் ஒரே பாயை விரித்த மாதிரி பச்சையும் பழுப்புமாகக் கிடக்கிறது. புதுச்சேரியிலிருந்து கிளம்பி மேற்கே செஞ்சியை நோக்கிப் போனோம். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகளையும் சுற்றிய மதில்களையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தால், நிலம் கொஞ்சம் மேடாகத் தெரிகிறதே தவிர ஒன்றும் இல்லை. கோட்டை இல்லை, கல்யாண மகால் இல்லை, பாறை கூட இல்லை.

“நம்ம மலை இதுல இல்ல மாமா. சிகாகோவுல ஒவ்வொரு கட்டடமும் இருக்குது” என்றான் பையன்.

“அப்புறம் ஏண்டா இதையே கட்டிக்கிட்டு அழறே?”

“பறக்கிறது நெசமா இருக்குதே!”

விமரிசகன் நாலு பக்கம் எழுதிச் சொல்வதை அவன் மூன்று வார்த்தையில் சொல்லிவிட்டான். இந்த நூலில் இடம் பொய்; இயக்கம் மெய். எத்தனையோ நல்ல நாவல்களில் இப்படித்தான். ஊர் வர்ணனை தப்பாக இருக்கும், மனிதர்களின் நடத்தை சத்தியமாக இருக்கும். இந்தக் குறையை மன்னிக்கலாம்.

இனி வாசலுக்கு வருவோம். இந்த நூல் நான்கு குறுந்தகடுகளில் விற்கப்பட்டது. திருட்டுப் பிரதி எடுக்காமல் இருப்பதற்காக ‘ஸேப்டிஸ்க்’ என்ற பூட்டு ஒன்றைப் போட்டார்கள். தகடு அசலானதுதானா என்று ஒவ்வொரு தடவையும் சோதித்துப் பார்த்துத்தான் புரோகிராம் திறக்கும். சோதிப்பதற்கு விண்டோஸின் உள்ளறையிலேயே ஒரு காவலாள் வேண்டியிருந்தது. அந்தக் காவலாளை ஏமாற்றி அந்நியர்கள் உள்ளே புகலாம் என்பது 2007 இல் தெரிய வந்தது. 2015 ஜூலையில் விண்டோஸ் 10 வந்தபோது காவலாளுக்கு அங்கே இடம் இல்லை. அதே வருஷம் செப்டம்பரில் விஸ்டாவிலும், 7 இலும், 8 இலும் கூட அவனை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அன்று முதல் காசு கொடுத்து வாங்கிய அசல் தகடு அசல் விண்டோஸில் திறப்பதில்லை.

மைக்ரோஸாப்ட் செய்தது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஓட்டை விழுந்த கதவை அடைப்பது வீட்டுக்காரன் கடமை. ஆனால் கதவை அடைத்த அதே கை, உள்ளே இருக்கிறவனுக்கு வேறு வழி திறந்து விட்டிருக்க வேண்டாமா? புத்தகத்தை எழுதியவரும் அவரே, பூட்டைப் போட்டவரும் அவரே, வீட்டுக்குச் சொந்தக்காரரும் அவரே. பூட்டில்லாத ஒரு பிரதியைக் கொடுப்பதற்கு அவருக்குத் தடை சொல்லக்கூடியவர் யார்? கொடுக்கவில்லை. இதனால் விளைந்த வேடிக்கையைப் பாருங்கள். திருட்டுப் பிரதி எடுத்தவன் பூட்டை அன்றைக்கே கழற்றிவிட்டான். அவனுடையது இன்றும் ஓடுகிறது. கடைக்குப் போய் விலை கொடுத்து வாங்கியவன் பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அவன் பறக்க வேண்டுமானால் திருடன் செய்த சாவியைத் தேடிப் போக வேண்டும். யோக்கியனைத் திருடனிடம் அனுப்பி வைக்கிற ஏற்பாடு எதுவானாலும் அதில் அடிப்படையிலேயே ஒரு கோணல் இருக்கிறது.

நம் நாட்டுச் சட்டம் இந்த விஷயத்தில் அவ்வளவு மூர்க்கமானது அல்ல. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 இல் சேர்த்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் எண்ணத்தோடு பூட்டை உடைப்பவனைத்தான் தண்டிக்கிறது. ஆனால் சட்டம் தண்டிக்காது என்பது ஒருவனுக்குச் சாவி செய்து கொடுத்துவிடாது.

பூட்டு ஒன்றுதான் தடை என்று நினைக்க வேண்டாம். பழைய புரோகிராமுக்கும் புது விண்டோஸுக்கும் இடையில் இன்னும் இரண்டு விதச் சங்கடங்கள் உண்டு. ஒன்று பழக்க வழக்கம் பற்றியது. அந்தக் காலத்துப் புரோகிராம்கள் தாம் குடியிருக்கும் அறையிலேயே தம் குறிப்புகளை எழுதி வைத்துக்கொள்ளும். கூட வாங்கிச் சேர்த்த விமானங்களையும் அங்கேயே கொட்டி வைக்கும். 2007 இல் விஸ்டா வந்ததிலிருந்து அந்த அறையில் எழுதுவதற்கு அதிகாரியின் உத்தரவு வேண்டும் என்று ஆயிற்று. ஆகவே பழக்கம் உள்ளவர்கள் பழைய சிமுலேட்டரை விண்டோஸ் காட்டுகிற அறையில் வைக்காமல், வெளியே தனியாக ஓர் அறை கட்டிக் குடிவைக்கிறார்கள். கிராமத்திலிருந்து வந்த பெரியவருக்கு மாடி வீட்டில் இடம் கொடுக்காமல் தோட்டத்துப் பக்கம் தனிக் குடில் போட்டுக் கொடுப்பது போல. அவருக்கும் சௌகரியம், வீட்டுக்கும் சௌகரியம்.

மற்றது பாஷை பற்றியது. 2006 இல் வந்த பத்தாவது பதிப்பை விண்டோஸ் 7 இல் ஓட்டினால், மெனுவைப் பல தடவை திறந்து மூடியதும் திடீரென்று நின்றுவிடும். காரணத்தை வெகுநாள் தேடிக் கண்டுபிடித்தவர்கள் சாமானிய ரசிகர்கள். விண்டோஸுக்குள் இருக்கும் ஒரு கோப்பு புதிதாக மாறியிருந்தது. சிமுலேட்டர் பேசுவது அதற்குப் புரியவில்லை. விஸ்டா காலத்துப் பழைய கோப்பை எடுத்துச் சிமுலேட்டரின் அறையிலேயே வைத்தால் சரியாகிவிடுகிறது. சிமுலேட்டர் பெரிய வீட்டின் கோப்பைத் தேடிப் போகாமல், பக்கத்தில் இருக்கும் தனக்குத் தெரிந்த பழைய ஆளிடமே பேசிக்கொள்கிறது.

இதைக் கேட்டபோது எனக்கு நம் உரையாசிரியர்கள் நினைவு வந்தது. பழைய செய்யுளில் வழக்கொழிந்த சொல் வந்தால் அவர்கள் செய்யுளைத் திருத்தவில்லை. மூலத்தை மூலமாகவே விட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பொருள் சொன்னார்கள். மைக்ரோஸாப்ட் டாஸ் காலத்துப் பதிப்புகளை இன்று ஓட்ட விரும்புகிறவர்கள் ‘டாஸ்பாக்ஸ்’ என்ற ஒரு புரோகிராமை வைத்துக்கொள்கிறார்கள். அது இல்லாத ஒரு பழைய கம்ப்யூட்டரைப் புது கம்ப்யூட்டருக்குள் பாவனையாக உண்டாக்குகிறது. பழைய இயந்திரத்தின் நிதானமான வேகத்தைக் கூட உண்டாக்குகிறது. மூலத்தில் ஓர் எழுத்துக் கூட மாறுவதில்லை. உரை என்றால் அதுதான் உரை. எழுதியவர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு எழுதவில்லை என்பதும் நம் உரையாசிரியர்களை நினைவூட்டுகிறது.

இத்தனை பாடு எதற்கு, புதுசு வாங்கிக்கொள்ளக் கூடாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 2020 ஆகஸ்டில் புதிய பிளைட் சிமுலேட்டர் வந்தது. 2024 நவம்பரில் அடுத்ததும் வந்துவிட்டது. வானிலிருந்து எடுத்த படங்களை வைத்து உலகம் முழுவதையும் உண்டாக்கியிருக்கிறார்கள். அழகில் பழையது அதன் பக்கத்தில் நிற்க முடியாது. நம் பையன் தேடிய மலைக்கும் அதில் இடம் உண்டு. நான் இதை ஒப்புக்கொள்வதில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை.

ஆனால் இரண்டு விஷயங்களை யோசிக்க வேண்டும். முதலாவது, அந்தப் புது உலகம் வாங்கியவன் வீட்டில் இல்லை. அதன் அளவு இரண்டு பெடாபைட், அதாவது இருபது லட்சம் கிகாபைட் என்று சொல்லப்பட்டது. அது எங்கேயோ கம்பெனியின் இயந்திரங்களில் இருக்கிறது. நாம் பறக்கப் பறக்க வலை வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. வலை அறுந்தால் ஏழை உலகம்தான் மிஞ்சும். அந்த இயந்திரங்களை ஒரு நாள் நிறுத்துவார்களானால் நிலமும் கூடவே போகும். பழைய நான்கு தகடுகளுக்குப் பூட்டு இருந்தது வாஸ்தவம். ஆனால் பூமி நம் வீட்டு அலமாரியில் இருந்தது.

இரண்டாவது இன்னும் முக்கியம். புதுசுக்குத் தெரிந்தது இன்றைய உலகம் மட்டும். சிகாகோவில் ஏரிக்கரையை ஒட்டி மீக்ஸ் பீல்டு என்று ஒரு சின்ன விமான நிலையம் இருந்தது. பழைய சிமுலேட்டர்கள் பலவற்றில் முதல் தடவை திறக்கும்போது நாம் உட்கார்ந்திருப்பது அங்கேதான். உலகம் முழுவதும் லட்சக்கணக்கானவர்கள் தங்கள் முதல் விமானத்தை அந்த ஓடுபாதையிலிருந்துதான் கிளப்பினார்கள். 2003 மார்ச் 30 ஆம் தேதி இரவில் அந்நகரத்து மேயர் ஆட்களை அனுப்பி, ஓடுபாதையில் பெரிய பெருக்கல் குறிகளாகத் தோண்டிப் போட்டுவிட்டார். இப்போது அது பூங்கா. அதே வருஷம் ஜூலையில் வெளியான இந்தப் பதிப்பில் மீக்ஸ் பீல்டு கலையாமல் இருக்கிறது. பத்தாவது பதிப்பில் இல்லை.

இவ்வளவு தூரம் போவானேன்? பெங்களூருக்கு இறங்குங்கள். 2008 மே மாதம் பயணி விமானங்களெல்லாம் தேவனஹள்ளிக்குப் போய்விட்டன. அதே வருஷம் மார்ச்சில் ஹைதராபாத்தில் பேகம்பேட்டையிலிருந்து ஷம்ஷாபாத்துக்குப் போயின. பழைய சிமுலேட்டரில் தேவனஹள்ளி வெறும் நிலம். பெங்களூருக்குப் போகிறவன் ஹெச்.ஏ.எல். நிலையத்தில்தான் இறங்க வேண்டும். தெரிந்தோ தெரியாமலோ, இந்த நூல் ஒரு சரித்திர நாவல் ஆகிவிட்டது. எழுதியபோது சமகால நாவல். இருபது வருஷம் கழிந்ததில் சரித்திர நாவல். பழைய சென்னையைப் பார்க்க நாம் பழைய நாவல்களுக்குப் போகவில்லையா? புதுப் பதிப்பு வந்துவிட்டது, பழைய நாவலை எரித்துவிடலாம் என்று யாராவது சொல்வார்களா?

செஞ்சிக்கு வந்தவன் தேசிங்கு ராஜனைப் பற்றிப் பேசாமல் போக முடியாது; பேசுவதற்குக் காரணமும் இருக்கிறது. சரித்திரத்தில் அவன் பெயர் தேஜ் சிங். 1714 அக்டோபர் 3 ஆம் தேதி, ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் பெரும் படையை ஒரு சிறு படையோடு எதிர்த்து இறந்தான். இருபத்திரண்டு வயது. சரித்திரத்துக்கு அவனைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கதைப்பாடல்காரன் விடவில்லை. யாருக்கும் அடங்காத பாராசாரி என்ற தேவலோகக் குதிரையை டில்லியில் நிறுத்தினான். தகப்பனால் ஏற முடியாத குதிரையின் மேல் பிள்ளையை ஏற்றினான். குதிரையைத் தரையை விட்டுக் கிளப்பி ஆகாயத்தில் பறக்க வைத்தான். வல்லத்திலும் செஞ்சியிலும் அந்தக் குதிரையை நம்பாத கிழவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

அந்தக் கதை எத்தனை உடம்பு மாறியிருக்கிறது! பாடகர் வாயிலிருந்து பெரிய எழுத்துப் புத்தகத்துக்கு வந்தது. தெருக்கூத்தில் ஆடிற்று. 1936 இல் சினிமாவாயிற்று. 1960 இல் எம்.ஜி.ஆர். இரட்டை வேஷத்தில் நடித்து மறுபடியும் சினிமாவாயிற்று. ஒவ்வோர் இடத்திலும் சிலது விழுந்தது, சிலது ஒட்டிக்கொண்டது. குதிரை மட்டும் விழவில்லை. ஏனென்றால் அதை எடுத்துக்கொள்ள யாரும் யாரிடமும் உத்தரவு கேட்க வேண்டியிருக்கவில்லை. கோட்டையின் கல்லைத் தொல்பொருள் இலாகா காத்தது. 2025 ஜூலையில் மராட்டிய ராணுவக் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாக யுனெஸ்கோவும் அதை உலகச் சொத்தாகச் சேர்த்துக்கொண்டது. கதையைக் காத்தவர்கள் சாதாரண ஜனங்கள்.

சிமுலேட்டர் இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. கல்லைப் போல் அதைக் காக்க ஓர் இலாகா இல்லை. கதையைப் போல் ஜனங்கள் காக்கலாம் என்றால் பூட்டு தடுக்கிறது. தவிரவும் கதை மாறிக்கொண்டே வாழலாம்; இது மாறினால் இதுவாக இருக்காது. டகோட்டாவின் எடையில் ஓர் எண்ணைத் தவறாகப் பிரதி செய்தால் அப்புறம் அது டகோட்டா அல்ல. ஆகையால் மூலத்தை அப்படியே வைத்துக்கொண்டு உடம்பை மாத்திரம் மாற்ற வேண்டும். அது முடியும் என்பதற்குச் சாட்சியும் இருக்கிறது. பத்தாவது பதிப்பை 2014 டிசம்பரில் டவ்டெய்ல் கேம்ஸ் என்ற கம்பெனி உத்தரவு வாங்கி, தகடு தேவையில்லாமல் வலை வழியாக விற்க ஆரம்பித்தது. புது விண்டோஸில் அது ஓடுகிறது. உரிமையுள்ளவர் மனம் வைத்தால் காரியம் ஆகும். 2004 பதிப்புக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. விண்டோஸ் 10க்கே வழக்கமான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. வாசல் இன்னும் ஒரு படி உயர்ந்துவிட்டது.

விமான ஆசை இல்லாத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இது நம் வீட்டு விஷயமும்தான். 1990களில் தமிழைக் கம்ப்யூட்டரில் அடித்தவர்கள் ஆளுக்கோர் எழுத்துருவில் அடித்தார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்நெட் மாநாடு விசைப்பலகைக்கும் குறியீட்டுக்கும் ஒரு தரம் சொல்லிற்று; 2010 இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்டது. நல்லதுதான். ஆனால் அதற்கு முன் அடித்து, அச்சாகாமல் தங்கிவிட்ட கதைகள் எத்தனை? இன்று அவற்றைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் புள்ளியும் கோடுமாகத் தெரியும். எழுத்துருவின் பெயர் தெரிந்து, அதை மாற்றும் கருவியும் கிடைத்தால் கதை திரும்பி வரும். இல்லாவிட்டால் இல்லை. சிமுலேட்டரைக் காக்க முடியாத உலகம் நாவலையும் காக்காது. விமானத்துக்கு வந்த விதி நாவலுக்கு வராது என்று நினைக்க எனக்கு ஒரு காரணமும் தென்படவில்லை.

அச்சிட்ட புத்தகத்துக்கு 1954 ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது. பதிப்பாளர் கல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னைக் கன்னிமராவுக்கும், பம்பாய்க்கும் டில்லிக்கும் பிரதி அனுப்ப வேண்டும். அனுப்பாதவர்கள் பலர் உண்டு. ஆனாலும் சட்டம் இருக்கிறது. புரோகிராமுக்கு அப்படி ஒன்றும் இல்லை. ஒரு புரோகிராமை விற்பதை நிறுத்துகிற அன்றே, பூட்டில்லாத பிரதி ஒன்றை நூலகத்தில் கொண்டுபோய் வைக்க வேண்டும் என்று ஒரு சட்டம் செய்வதில் யாருக்கு என்ன நஷ்டம்? விற்காத சரக்கில் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. ஆனால் இருபது வருஷத்து ஆகாயம் ஒன்று மிஞ்சும்.

நூலைப் பற்றிய என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். ‘பிளைட் சிமுலேட்டர் 2004’ மகத்தான சிருஷ்டி அல்ல. நம் நாட்டை அது பார்க்கவே இல்லை. ஆனால் பறத்தல் என்ற ஒரு காரியத்தை அலங்காரம் இல்லாமல், அவசரம் இல்லாமல், அதற்குரிய சிரமத்தோடு சொல்கிறது. அந்த வகையில் அது முதல் தரம். யார் வீட்டிலாவது அந்த நான்கு தகடுகள் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். அதை ஓட்டத் தெரிந்த பழைய கம்ப்யூட்டர் இருந்தால் அதையும் எடைக்குப் போடாதீர்கள். ஒரு நாள் இரவு சாப்பிட்ட பிறகு உட்கார்ந்து, மீனம்பாக்கத்திலிருந்து நாகபுரிக்கு டகோட்டாவில் தபால் கொண்டு போய்ப் பாருங்கள்.